விரலுக்கு ஒரு முட்டை

எண் என்ற ஒன்றே உலகத்தில் பிறக்காத காலம். வேப்பமரத்துக் காகம் இரை தேடிவிட்டுக் கூட்டுக்கு வந்தால், முட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும். இது புள்ளி நிறைந்தது, இது ஒரு பக்கம் வெளுத்தது என்று அடையாளம் பார்ப்பதற்குள் பாதிப் பொழுது போய்விடும்.

ஒருநாள் தற்செயலாகத் தன் காலைக் கவனித்தது. முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. விரலுக்கு ஒரு முட்டையாக வைத்துப் பார்த்தது. அட! மிச்சமும் இல்லை, குறையும் இல்லை.

காகத்துக்குத் தலைகால் புரியவில்லை. விரலைப் போலவே கிளையில் நாலு கோடு கீறி வைத்தது. இனிக் காலைக்கூடப் பார்க்க வேண்டாம்.

எதிர்க்கிளையில் இருந்த பெண்குயில், "என்னக்கா அது கோடு?" என்றது.

காகம் பெருமையாக விளக்கியது.

"சரிக்கா, எந்தக் கோடு எந்த முட்டைக்கு?"

"எது எதுக்கா இருந்தா என்னடி? கோட்டுக்கு ஒண்ணு இருந்தாச் சரி. அதுதானே இதுல அழகே!"

குயில் அந்தக் கோடுகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காகம் திரும்பி வரும்போது, குயில் அதன் கூட்டிலிருந்து எழுந்து பறந்தது. அலகெல்லாம் மஞ்சள் கரு. காகம் பதறிப்போய்க் கோட்டையும் முட்டையையும் மாறி மாறிப் பார்த்தது.

கோட்டுக்கு ஒன்று இருந்தது.

"அப்பாடா!" என்று அடைகாக்க உட்கார்ந்தது. வயிற்றின் கீழே ஒரு முட்டை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டது.