மாப்பிள்ளையின் உயரம்

சிதம்பரம் மேலவீதி சைக்கிள் கடைக்குள் பிற்பகல் வெயில் சாய்ந்து, இரண்டு ரேஸ் சைக்கிள்களின் மேல் விழுகிறது. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. விலையும் கியரும் ஏறக்குறைய ஒன்றுதான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பஞ்சநாதன் விறைப்பாக நிற்கிறார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "மாப்பிள்ளைக்குச் சீர் செய்யலன்னு எங்க குடும்பத்த ஒருத்தன் சொல்லக்கூடாது. கடலூர்ல இருக்காரு. காலையில சைக்கிள் ஓட்டுவாராம்" என்கிறார். கடைக்காரர் தங்கராசு சிவப்பின் சக்கரத்தைச் சுழற்றிவிடுகிறார். அது கிர்ரென்று ஓடி மெல்ல அடங்குகிறது. "இது குள்ளமானவங்களுக்கு. கறுப்பு ஒசரமானவங்களுக்கு. சைஸ் தப்பினா இடுப்பு போயிடும் ஐயா. மாப்ள எவ்ளோ ஒசரம்?" பஞ்சநாதனின் விரல் கறுப்பின் வளைந்த கைப்பிடியில் நின்றுவிடுகிறது. "தெரியல." "பொண்ணுக்கு ஒரு போன் போடுங்களேன்." சட்டைப்பையில் இருக்கும் போனை அவர் தொடவில்லை. மகள் தமிழினி தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போய் நாலு வருஷம். அவள் எண் அதில் இல்லை. "கல்யாணத்துல பக்கத்துல நின்னு போட்டோ எடுத்திருப்பீங்கல்ல?" என்று தங்கராசு சிரிக்கிறார். வீதியில் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி போகிறது. அந்தச் சத்தம் தேய்ந்த பிறகு, "ஒரே ஒரு தடவ வீட்டுக்கு வந்தாரு" என்கிறார் பஞ்சநாதன். "நான் வாசல் கேட்டைத் தொறக்கல. கேட்டு அஞ்சரை அடி. அதுக்கு மேல கண்ணு ரெண்டும் தெரிஞ்சுது." தங்கராசு கறுப்பு சைக்கிளை முன்னால் உருட்டி வந்து, சீட்டை ஏற்றுகிறார். இன்னும் ஏற்றுகிறார். அது பஞ்சநாதனின் இடுப்பையும் தாண்டிப் போகிறது.