இருபத்தோராவது நாற்காலி

"இந்தப் பேரு எப்படி உள்ளே வந்துச்சு?"

மேசைமேல் கிடந்த பட்டியலை விரலால் குத்தினாள் தலைவி. கத்தோலிக்கப் பங்கின் பெண்கள் சங்கத் தலைவி. அவள் குத்தினால் தாள் ஓட்டையாகிவிடும்.

உபதேசியார் எச்சில் விழுங்கினார். "திருமணப் பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுதினேம்மா. இந்த வருஷம் வெள்ளிவிழா பதினொரு ஜோடி. எல்லாருக்கும் அழைப்பு போயிடுச்சு."

"ஜோடியா! ஜெராக்ஸ்காரி கோர்ட்டுல விவாகரத்து வாங்கிப் பன்னெண்டு வருஷமாச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. ஆனா நம்ம பதிவேட்டுல விவாகரத்துக்குன்னு கட்டமே கிடையாதே!"

தலைவி நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

"அழைப்பு தெரியாம வந்திருச்சு. நீ வராதே."

"வருவேன், அக்கா." இயந்திரத்திலிருந்து விழுந்த தாள்களைத் தட்டி அடுக்கினாள் ஜெராக்ஸ்காரி.

"யாரோட?"

"தனியாத்தான்."

"எல்லாரும் புருஷன் கையைப் பிடிச்சுக்கிட்டு வாக்குறுதியைப் புதுப்பிப்பாங்க. நீ எதைப் பிடிச்சுக்குவே? கைப்பையையா?"

ஜெராக்ஸ்காரி சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"அவரு இன்னொருத்தியோட போனாரு. பிரிவு கேட்டதும் அவருதான். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். ஆனா அன்னிக்குப் பீடத்து முன்னாடி நான் சொன்னதை யாரும் என்கிட்டேருந்து திருப்பி வாங்கலையே, அக்கா. இன்னொரு தடவை வாய்விட்டுச் சொல்லணும். வேற ஒண்ணும் கேக்கல."

அதைக் காதில் வாங்காமல் தலைவி பங்குத்தந்தையிடம் போனாள்.

"அவங்க மறுமணம் செய்யலையே. நம்மைப் பொறுத்தவரை அவங்க இன்னும் மனைவிதான். வரட்டும்மா" என்றார் அவர்.

"பார்க்க நல்லாவா இருக்கும், ஃபாதர்?"

"பார்க்கவா விழா நடத்தறோம்?"

பார்க்கத்தான் என்று வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. பீடத்துக்கு முன்னால் இருபது நாற்காலி, வெள்ளை உறை போட்டு. வரிசைக் கடைசியில் உறை போடாத இருபத்தோராவது நாற்காலி. அதில் ஜெராக்ஸ்காரி. பளிச்சென்று வெள்ளைப் புடவை. நேற்றுக் கல்யாணம் ஆனவள் மாதிரி முகம்.

அவளைக் கண்காணிப்பதற்கென்றே பக்கத்தில் தானும் கணவருமாக உட்கார்ந்தாள் தலைவி. தலைவிக்கும் இந்த வருஷம்தான் வெள்ளிவிழா. உபதேசியாரிடம் முன்பே காதோடு சொல்லிவைத்திருந்தாள்: "மைக் என்னோட நின்னுடணும். அந்தப் பக்கம் போகக் கூடாது."

மைக் கைமாறி வந்தது. ஒவ்வொரு ஜோடியாக எழுந்தார்கள். முதலில் கணவர், அப்புறம் மனைவி. இன்பத்திலும் துன்பத்திலும், நோயிலும் நலத்திலும் பிரமாணிக்கமாக இருப்பேன். ஒரு சிலர் உளறினார்கள். ஒருத்தி அழுதாள். கோயில் கைதட்டியது.

தலைவியின் முறை. அவளே தேய்த்துக் கொடுத்த கோட்டில் கணவர் எழுந்தார். அவரது வலது கையைப் பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் ஜெராக்ஸ்காரியைப் பார்த்தபடியே நின்றாள் தலைவி.

சத்தம் வரவில்லை.

திரும்பினாள். அவர் முகம் வெளிறிக் கிடந்தது.

"சொல்லுங்க" என்று பல்லைக் கடித்தாள்.

அவர் தன் கையை மெதுவாக உருவிக்கொண்டார். மைக்கை உள்ளங்கையால் பொத்தினார். குனிந்து அவள் காதில் சொன்னார்.

"இங்கே நின்னு என்னால பொய் சொல்ல முடியல. நாலு வருஷமா எனக்கு இன்னொரு வீடு இருக்கு."

மைக்கை அவள் கையில் வைத்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

தலைவிக்குக் காது அடைத்தது. ஐந்நூறு பேர் அவளையே பார்த்தார்கள். முன்வரிசையில் அவள் மகள், அவள் சம்பந்தி, அவள் சங்கத்துப் பெண்கள். ஏன் பேச்சைக் காணோம் என்று ஒருத்தி எட்டிப் பார்த்தாள். தலைவியின் உதடு கோணியது. கண்ணில் நீர் திரண்டு விழத் தயாராக இருந்தது.

பக்கத்து நாற்காலி தரையில் கிறீச்சிட்டது.

ஜெராக்ஸ்காரி எழுந்து, பீடத்தின் படிவரை நடந்து போய் நின்றாள். தலைவியின் கணவர் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. மைக் இல்லாமல், அடித்தொண்டையிலிருந்து, கோயில் அதிரச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இன்பத்திலும் துன்பத்திலும்..."

மொத்தக் கோயிலும் அவள் பக்கம் திரும்பியது.

"அடங்காப்பிடாரி! தலைவியம்மா முறையில போய் முந்திக்கிட்டு நிக்கறா பாரு!"

"விவாகரத்து வாங்கினவளுக்கு எவ்வளவு துணிச்சல்!"

"யாராவது அவளை உட்காரச் சொல்லுங்கப்பா!"

தலைவியை ஒருத்தரும் பார்க்கவில்லை. அவள் புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

படியிலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தாள் ஜெராக்ஸ்காரி. தலைவியின் தோள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது.

வாக்குறுதியை முதல் வார்த்தையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள், இன்னும் உரக்க.