திட்டுவதற்கு ஆள் தேவை

ஈரோட்டில் குழாய் ஒழுகினால் இப்போது இயந்திரம்தான் வருகிறது. வாயே திறக்காமல் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போய்விடுகிறது. சிக்கலே அங்கேதான். இதற்கு முன் வேலை பார்த்தவனை நாலு வார்த்தை திட்டாத ஆளை நம்புவதற்கு வீட்டுக்காரர்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே, இயந்திரத்தோடு கூடப் போய்த் திட்டுவதற்கு ஒரு மனிதர் தேவை என்று கம்பெனி விளம்பரம் கொடுத்தது. இடம் ஒன்று, வந்து நின்ற பிளம்பர்கள் முந்நூறு பேர்.

மாரப்பனுக்கு முப்பத்தோரு வருட அனுபவம். எட்டு மாதமாக மச்சினன் வீட்டுச் சோறு. அவர் முறை வந்ததும், தேர்வு நடத்திய இயந்திரம் ஒரு சுவர்த் துண்டைக் காட்டியது. ஏதோ பழைய வீட்டிலிருந்து குழாயோடு பெயர்த்து எடுத்து வந்தது.

மாரப்பன் குனிந்து பார்த்து உச்சுக் கொட்டினார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“எவனுங்க இந்த வேலையப் பாத்தது? இவனெல்லாம் பைப்பைத் தொடலாமுங்களா?”

“நீங்கள்தான். பதினாறு வருடத்துக்கு முன்னால், பெருந்துறை ரோட்டில் ஒரு வீட்டில்,” என்றது இயந்திரம்.

மாரப்பன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள். மறுபடியும் குனிந்தார். இந்த முறை குழாயை விட்டுவிட்டுச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்.

“அட, பைப்பு நல்லாத்தானுங்க இருக்குது. இந்தச் செவுத்தக் கட்டுன கொத்தனாரு எவனுங்க?”

இயந்திரம் கதவைத் திறந்து, மற்ற நூறு பேரையும் வீட்டுக்குப் போகச் சொன்னது.