இரண்டு நிமிடம் நாற்பது நொடி முதுகு

உலக சினிமா முகத்தில் தொடங்கியது. முதுகில் முடியும்.

முடித்துவைக்கப் போகிறவன் தான்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த முதுகு இப்போது சாலிகிராமத்து டப்பிங் தியேட்டர் ஒன்றின் திரையில் நின்றுகொண்டிருந்தது. காலை பதினொன்றரை மணி.

அவனுடைய முதல் படத்தின் கடைசி ஷாட். பதினோரு வருடத்துக்கு முன் விட்டுவிட்டுப் போன கணவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். மனைவி துணி காயப்போடுகிறாள். நமக்கு அவள் முதுகு மட்டும். இரண்டு நிமிடம் நாற்பது நொடி. அவள் திரும்புவதில்லை. பேசுவதில்லை. படம் முடிகிறது.

சேர்த்துக்கொள்வாளா, மாட்டாளா?

படப்பிடிப்பில் கதாநாயகியே கேட்டாள்.

"எனக்கே தெரியாதும்மா" என்றான், பெருமையாக. யூனிட்டே கைதட்டியது. லைட்மேன்கள் மட்டும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

பக்கத்து நாற்காலியில் நிரஞ்சன். தயாரிப்பு நிறுவனத்தின் கிரியேட்டிவ் ஹெட். போன வருடம் வரை பிஸ்கட் கம்பெனியில் இருந்தவன்.

"பதினெட்டு பேருக்குப் போட்டுக் காட்டினோம் சார். பதினாலு பேரு ஃபார்ம்ல ஒரே கேள்விதான் எழுதியிருக்காங்க. ஹீரோயின் என்ன நினைக்கிறாங்க?"

"அந்தக் கேள்விதாங்க படமே."

"கேட்டுட்டாங்கல்ல சார். சொல்லிருவோம்."

சொல்லிவிடலாம். அதுதான் கொடுமை.

முகம் தெரிந்தால் உதடு தெரியும். உதடு தெரிந்தால் புது வசனம் ஒட்டாது. மறுபடி எடுக்கவேண்டும், கதாநாயகி தேதி தரமாட்டாள், கம்பெனி களைத்துப்போய் விட்டுவிடும்.

முதுகுக்கு உதடு கிடையாது. எதை வேண்டுமானாலும் ஏற்றலாம்.

படம் முழுக்கத் தேடியிருந்தாலும் அவர்கள் கைவைக்க இவ்வளவு வசதியான ஷாட் கிடைத்திருக்காது. அதை அவனே எடுத்துக் கொடுத்திருந்தான். பத்தொன்பது டேக்.

இப்படி வசனம் ஏற்றுவதைக் கேலி செய்து அவனைவிட அதிகம் பேசியவர் யாருமில்லை. அவனுடைய குருநாதர் ஒருமுறை கம்பெனி சொன்னதற்காக ஒரு பின்மண்டைக்கு வசனம் போட்டார். இவன் அப்போது அவரிடம் ஆறாவது உதவி இயக்குநர். "பின்மண்டையில வாய் முளைக்க வச்ச டாக்டரு எங்க டைரக்டரு" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிச் சிரித்தான். பிறகு ஒரு கல்லூரி விழாவில், மைக்கில்.

அதற்குப் பிறகு அவர் இவன் போனை எடுப்பதில்லை.

"என் பேரை எடுத்துருங்க" என்றான்.

"சரி சார்." நிரஞ்சன் போனில் குறித்துக்கொண்டான்.

"இல்ல, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அழித்துவிட்டான்.

இரண்டு மணிக்குள் ஒலி வேலை முடியவேண்டும். முடியாவிட்டால் கம்பெனி வேறு இயக்குநரை உட்காரவைத்து முடித்துக்கொள்ளும்.

"அவர்கிட்டயும் பேசிட்டாங்க சார். அவரு வந்தா மொட்டை மாடியில ஒரு பாட்டும் கேப்பாரு."

மொட்டை மாடி படத்திலேயே இல்லை. ஓட்டு வீடு.

கம்பெனி அனுப்பிய வசனம் ஒரு தாளில் இருந்தது. 'உங்களை நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். இது உங்க வீடு. உள்ள வாங்க.'

அவன் கெஞ்சினான்.

ஒரு பெருமூச்சு வைத்துக்கொள்ளலாமா?

ஒரு 'ம்'?

வளையல் சத்தம்?

ஒரு இருமல்?

ஏழு வருடம் உதவி இயக்குநர். நான்கு வருடம் இந்த ஒரு கதையைத் தூக்கிக்கொண்டு அலைச்சல். ஒரு மணி நேரத்தில் இருமல் வரைக்கும் இறங்கியிருந்தான்.

"'உள்ள வாங்க' மட்டும் வச்சிக்குவோம் சார். ரெண்டே வார்த்தை. மேல நான் பேசிக்கிறேன்" என்றான் நிரஞ்சன். குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு அவன் தலையாட்டினான்.

படம் முழுக்கக் கதாநாயகிக்குக் குரல் கொடுத்த கோமதி அக்கா வந்தார். முப்பது வருடமாக யார் யாருக்காகவோ அழுதவர். தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்று, திரையை ஒரு முறை முழுக்கப் பார்த்தார்.

"தம்பி, 'உள்ள வாங்க'ன்னு கோவத்துல சொல்றாளா, பாசத்துல சொல்றாளா? இவ என்னதான் நினைக்கிறா?"

பதினைந்தாவது ஆள்.

அக்கா காத்திருந்தார். ஒலிப்பதிவாளர் எபினேசர் அண்ணன் பொத்தான்மேல் விரலை வைத்துக் காத்திருந்தார். மனைவி துணியை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான்கு வருடத்தில் முதல்முறையாக அவன் அவளைப் பற்றி யோசித்தான்.

"பாசத்துலதாங்க்கா."

சிவப்பு விளக்கு எரிந்தது.

கோமதி அக்கா சொன்னார். இரண்டே வார்த்தை. தொண்டையில் பாதி நின்று, பாதி வெளியே வந்தது.

நிரஞ்சன் மூக்கை உறிஞ்சினான்.

"போதுமா தம்பி?"

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, கொஞ்சம் விட்டு, 'சாப்பிட்டீங்களா'ன்னு ஒண்ணு கேட்டுருங்களேன்."

நிரஞ்சன் நிமிர்ந்தான். "சார், மேலயே ரெண்டு வார்த்தைக்கு ஒத்துக்கிட்டாங்க. அதுவே போதும்."

"செத்த சும்மா இருங்க."

முதுகு இன்னும் ஒன்றரை நிமிடம் காலியாக இருந்தது.

எபினேசர் அண்ணனிடம் பேனா கேட்டான்.