அசல் எமிராத்தி

“இன்னும் ஒருத்தன் வந்துட்டான் பாரு, எமிராத்தி ஆகறதுக்கு!” என்று கல்ஃபான் தன் சித்தப்பா மகன் கானிமிடம் முணுமுணுத்தார். முணுமுணுப்பு என்று பெயர்தான். விருந்தாளிகளை உட்காரவைக்கும் மஜ்லிஸ் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவருக்கு அது தெளிவாகவே கேட்டிருக்கும்.

ராஸ் அல் கைமா பக்கத்தில் இது வழக்கமாக நடப்பதுதான். அமீரகக் குடியுரிமைக்கு மனுப் போட்டவர்கள், “நாங்களும் இந்த ஊர்தான்னு ஒரு வார்த்தை சாட்சி சொல்லுங்க” என்று பழைய குலத்துப் பெரியவரான கல்ஃபானைத் தேடி வருவார்கள். கல்ஃபான் வயிறு நிறையக் காப்பி கொடுப்பார், பேரீச்சம்பழம் கொடுப்பார். சாட்சி மட்டும் கொடுக்க மாட்டார்.

வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். கறுத்த முகம், வெளுத்த கந்தூரா அங்கி, அதன் கழுத்தில் தொங்க வேண்டிய குஞ்சத்தைக் காணோம். சலாம் சொன்ன அரபியில் ஆப்பிரிக்கக் கரையின் சான்சிபார் வாடை வீசியது.

யார், எந்த ஊர், என்ன காரியம் என்று கல்ஃபான் கேட்கவில்லை. விருந்தாளி காப்பி குடித்து முடிக்கும் முன் பேர் கேட்பது அவர் வம்சத்திலேயே கிடையாது. வழக்கத்தில் ஒரு குறையும் வைக்காமல் மனிதரை அவமானப்படுத்த அவரை விட்டால் ஆளில்லை.

சின்னக் கோப்பையில் காப்பியை ஊற்றி நீட்டினார். வந்தவர் வாங்கி, உதட்டில் வைக்காமல், முன்னால் தரையில் வைத்துவிட்டார். கேட்க வந்த காரியம் முடியும்வரை காப்பியைத் தொடாமல் வைப்பது ஊர் முறை. கானிம் கண்ணைச் சிமிட்டினார்.

அன்றைக்கென்று கல்ஃபானுக்குப் பொறுமை குறைவு. மகன் மத்தர், கட்டினால் மைத்தாவைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றான். பெண் வீட்டார் துபாயில் பெரிய கை, அப்பா கப்பல் கேப்டன் என்று மனைவி சொன்னதுமே கல்ஃபானுக்கு வாயெல்லாம் பல். மேற்கொண்டு எதையும் துருவவில்லை. பெண்கள் பேசி முடித்துவிட்டார்கள். கேப்டன் கரைக்கு வந்து, நாலு இடத்தில் விசாரித்துச் சம்மதம் சொல்வதுதான் பாக்கி. பள்ளிவாசலுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் கல்ஃபான் ஏற்கெனவே மாம்பழக் கூடை அனுப்பி வைத்திருந்தார். ‘கேட்டா நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க’ என்பதுதான் அதற்கு அர்த்தம்.

பெண் வீட்டிலிருந்து இன்னும் ஃபோன் வரவில்லை. அந்த எரிச்சலெல்லாம் வந்தவர் பக்கம் திரும்பியது. கல்ஃபான் கானிமைப் பார்த்து ஜாடையாக ஆரம்பித்தார்.

“எமிராத்திங்கற வார்த்தை ரொம்ப மலிஞ்சு போச்சு, கானிம். கந்தூரா மாட்டினவன் எமிராத்தி. பால்கனியில கொடி கட்டினவன் எமிராத்தி. டிசம்பர்ல தேசிய தினத்துக்குக் கார் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டினவனும் எமிராத்தி!”

“பாஸ்போர்ட் வச்சிருந்தா, பூ மத்தர்?” என்று கானிம் எடுத்துக்கொடுத்தார். மத்தரின் அப்பா என்பதால் ஊரில் கல்ஃபானுக்கு அதுதான் மரியாதைப் பேர்.

“பாஸ்போர்ட்ட அச்சடிக்கலாம். ரத்தத்தை எந்த மெஷின்ல அடிப்பான்?”

வந்தவர் மெல்லச் சிரித்தார். “அந்த வார்த்தைக்கு உங்க வயசுகூட இருக்காதே, பூ மத்தர். நீங்க பொறந்தப்போ இப்படி ஒரு நாடே கிடையாது. உங்க அப்பா தன்னை என்னன்னு சொல்லிக்கிட்டாரு?”

கல்ஃபானுக்கு மூக்கு சிவந்தது. “எங்கப்பா குலத்துப் பேரைச் சொன்னாரு. அது இல்லாதவனுக்குத்தாங்க எமிராத்திங்கற போர்வை வேணும். சான்சிபார்ல கிராம்பு பறிச்சவன், அக்கரையில கருவாடு வித்தவன், எல்லாரும் அதுக்குள்ள பூந்துக்கிட்டான்.”

“பூந்து ரெண்டு தலைமுறை ஆச்சுன்னு வைங்க. பேரப்பிள்ளைங்களாவது எமிராத்தி ஆயிடுவாங்களா?”

“ஆகாது. அம்மா வழியில ஒரு சொட்டு வேத்து ரத்தம் இருந்தாலும் போதும். பால்ல மோர் விழுந்த கதைதான்.”

கானிம் குலுங்கிச் சிரித்தார். வந்தவர் காப்பிக் கோப்பையை ஒரு விரலால் இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தார்.

“உங்க மகனும் இப்படித்தான் நினைப்பாரா?”

இது நம்மை நேரில் மடக்க முடியாமல் பையன் வழியாகச் சாட்சி வாங்கும் தந்திரம் என்று கல்ஃபானுக்குத் தோன்றியது. ஆளைத் தெரியாமல் வந்துவிட்டான்! அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“நான் வளத்த பையன். என் வாயிலேர்ந்து வர்றதுதான் அவன் வாயிலேர்ந்தும் வரும். அவன்கிட்ட போய் நின்னாலும் உங்களுக்கு இதே பதில்தான்.”

“அது போதும்” என்று வந்தவர் எழுந்தார். காப்பி ஆறி, மேலே ஏலக்காய்த் தூள் படிந்திருந்தது.

கல்ஃபானுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கெஞ்சவிட்டு, கடைசியில் முடியாது என்று சொல்வதில்தானே அவருக்கு ருசி? இந்த ஆள் அதற்கும் வழிவிடாமல் போகிறாரே! வாசல்வரை கூடவே போய், வம்சத்து வழக்கத்தையும் மறந்து கேட்டேவிட்டார்.

“என்னங்க, வாயத் திறந்து ஒண்ணும் கேக்காமலே கிளம்பறீங்க? எந்தக் குடும்பத்தைப் பத்தி நான் சாட்சி சொல்லணும்?”

வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“உங்க குடும்பத்தைப் பத்தித்தான். எல்லாம் சொல்லிட்டீங்க, நான் மைத்தாவோட அப்பா.”