பரண்மேல் மாப்பிள்ளை

செல்போனில் வாள்சண்டை விளையாடுவதென்றால் வேல்முருகனுக்குச் சோறு வேண்டாம். கோட்டைவாசலில் நின்று, எதிரே வருபவனை நேருக்கு நேர் வெட்ட வேண்டும். தங்கை புருஷன் ரமேஷ்குமாருக்கோ மேலிருந்து பார்த்துப் படையை நகர்த்தும் விளையாட்டுத்தான் உசத்தி.

“மூஞ்சிக்கு முன்னால இருக்கறவன் மட்டுந்தான் உங்களுக்குத் தெரியுமுங்க மச்சான். எனக்கு மொத்தக் களமும் தெரியும்.”

“போ மாப்ள! வெட்டு வாங்காதவனெல்லாம் ஒரு வீரனா?”

அன்று சாயங்காலம் ரமேஷ்குமாரின் மரவள்ளித் தோட்டத்தில் காட்டுப்பன்றிகள் புகுந்தன. அடுத்தது வேல்முருகனின் தோட்டம். மறுநாள் கிழங்கு பிடுங்கி ஏற்ற அவன் லாரி சொல்லியிருந்தான். தலைக்கு மேல் வளர்ந்த செடிகளுக்குள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினான். ரமேஷ்குமார் தன் காவல் பரண்மேல் ஏறி நின்று வழி சொன்னான்.

“வலது பக்கம் தள்ளுங்க மச்சான்! இன்னும்... இன்னும்! அவ்வளவுதான், எல்லாம் காட்டுக்குள்ள ஓடிருச்சு. ஊட்டுக்குப் போங்க.”

தங்கையைக் கொடுத்த இடம். நம்பிப் போய்ப் படுத்தான்.

காலையில் லாரியோடு வந்தால், அவன் தோட்டம் ஏர் ஓட்டியதுபோல் கிடந்தது. ரமேஷ்குமார் தோட்டத்திலிருந்து வரப்பு வரை பன்றிகளின் குளம்புத்தடம். அதன் பின்னாலேயே வேல்முருகனுடைய செருப்புத்தடம்.

“மேல நின்னியே மாப்ள, எங்க போகுதுன்னு தெரியலையா?”

“தெரிஞ்சுதுங்க மச்சான். காட்டுக்குத் தொரத்தியிருந்தா, பசியோட எந்தோட்டத்துக்கே திரும்பியிருக்கும். எங்கயாச்சும் அதுக்கு வயிறு ரொம்பணுமில்லீங்க?”