சேராத வட்டம்

மங்கோலியத் தலைநகர் உலான்பாட்டரின் சந்தையில் பழைய பதக்கங்கள் வாங்கி விற்கும் கோம்போ, தாரிமா நீட்டிய விருதுச் சான்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"படத்தை மாத்தி ஒட்டியிருக்கும்மா. முத்திரை பாதி காகிதத்துலயும் பாதி படத்துலயும் விழணும். இதுல வட்டம் சேரலை."

"அது என் வீட்டுக்காரர் முகம்தான் மகனே."

"முகம் அவரோடதுதான். வீரம் எவனோடதோ. செத்த சிப்பாயோட சான்றுல தன் படத்தை ஒட்டிக்கிட்டு, அவன் பேர்லயே வாழ்ந்தவங்க உண்டும்மா. பாதி விலைன்னா எடுத்துக்கறேன்."

தாரிமா சான்றைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"இந்த விருது கிடைச்ச ஜப்பான் சண்டையைப் பத்திக் கேட்டா எழுந்து வெளியே போயிடுவார். சாகறவரைக்கும் வாயைத் திறக்கலை. இதுக்குத்தானா?"

நகத்தால் படத்தைப் பிய்த்தெடுத்து இரண்டாகக் கிழித்தாள்.

கோம்போ பதறிப்போனான். "ஐயோ, அது அசல்மா. முத்திரை இம்மிகூடப் பிசகலை. விலையைக் குறைக்க எல்லார்கிட்டயும் சொல்றதைத்தான் உங்ககிட்டயும் சொன்னேன்."

தாரிமா அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"நல்ல மனசுப்பா உனக்கு. கிழவி மனசு உடையக் கூடாதுன்னு பொய் சொல்றே."